கொப்புளத்தில் விட்டு வந்த நூல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய்க்கதை சொல்லுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இந்தப் பலெர்மோவில் இருபது வருடத்துக்கு மேலாக வீடு துடைக்கிறேன். கால்சாப் பகுதியில் இருக்கிற பழைய மாளிகைகளுக்கு விடியமுன்னம் கதவுத் திறப்புக்கோர்வையோடு தனியாகப் போய், ஆளில்லாத அறைகளில் நிலம் துடைத்திருக்கிறேன். அங்கே ஆவி என்று ஒன்று இருந்திருந்தால் முதலில் என்னைத்தான் பிடித்திருக்க வேண்டும், அது நடந்து அழுக்காக்கிய நிலத்தையும் நான்தான் துடைத்திருப்பேன். ஒன்றும் வரவில்லை. ஆகவே நீங்கள் சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், இடையில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

நான் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா லூசியாவுக்கு எழுபது வயது, சீனி வருத்தம், பிடிவாதம் அதைவிடப் பெரிய வருத்தம். கணவர் போன பிறகு மனுசிக்கு நடைப்பித்துப் பிடித்துவிட்டது. போன வருடம், கப்பலில் துனிசியாவுக்குப் போய்ப் பாலைவனத்தில் நாள் முழுக்க நடந்து கூடாரத்தில் படுக்கிற ஒரு கூட்டத்தோடு போகத்தான் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். டாக்டர் கத்திப் பார்த்தார். கடைசியில், போவதென்றால் தினமும் காலைப் பார்க்க ஒரு ஆள் கூடப் போக வேண்டும் என்றார். சீனிக்காரருக்குக் காலில் புண் வந்தால் நோகாது, தெரியவரும்போது விரலே போய்விடும். வருடக்கணக்காக அந்தக் காலுக்கு நகம் வெட்டி, கிரீம் பூசுகிறவள் நான்தானே, அந்த ஆளும் நான்தான் என்றாகிவிட்டது. இத்தாலியப் பாஸ்போர்ட் எடுத்த பிறகு நான் முதன்முதலாகப் போன வெளிநாடு பாலைவனம். இதைச் சொன்னால் பல்லரோச் சந்தையில் மீன் விற்கிறவன் இன்றைக்கும் சிரிக்கிறான்.

இந்த இடத்தில் என் தம்பியைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. அன்ரன் என்னைவிட ஒன்பது வயது இளையவன். அம்மா கருவாட்டு வாடியில் வேலைக்குப் போய்விடுவா, அவனை வளர்த்தது நான். நான் இத்தாலிக்கு வந்து, அவனையும் கூப்பிட ஓடித் திரிந்த நேரத்தில்தான் ஊரில் போரின் கடைசிச் சண்டை வந்தது. சனமெல்லாம் கடலேரிக்குள் இறங்கி நடந்தபோது, கால்சட்டையை மடித்துவிட்டு, செருப்பில்லாமல் அவனும் தண்ணீருக்குள் நடந்துபோனதைக் கண்டதாக எங்கள் ஊர் ஆள் ஒருவர் சொன்னார். மற்றக் கரையில் அவனைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

எங்கள் கோயிலில் நவம்பரில் மரித்த விசுவாசிகளுக்குப் பூசை வைத்து, செத்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். இத்தனை வருடமாக அன்ரனின் பெயரை நான் கொடுத்ததில்லை. கொடுத்தால் அவன் செத்துவிட்டான் என்று நானே சொல்வது மாதிரி. அம்மாவும் விடமாட்டா. "அவன்ரை பேரைச் செத்த ஆக்களோடை வாசிச்சியெண்டால் என்னோடை கதையாதை" என்று ஒரே பிடி. போன வருடம் அம்மா படுக்கையில் விழுந்த பிறகுதான் போனில் கொஞ்சம் இளகினா. "நீ குடுக்கிறதெண்டால் குடு பிள்ளை. என்னட்டைக் கேக்காதை." கப்பலில் நின்று நான் முடிவெடுத்தேன். திரும்பி வந்ததும் பெயரைக் கொடுத்துவிடுவது. அல்பெர்கேரியாப் பகுதியில் ஒற்றை அறையில், கீழே சந்தைக்காரர் போடுகிற சத்தத்தைத் துணையாக வைத்துக்கொண்டு இருக்கிறவள் நான். படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் அவனோ என்று காது கொடுத்து எனக்கு அலுத்துவிட்டது. உண்மையில் அலுத்துவிட்டது.

பாலைவனம் எனக்குப் பிடிக்கவே இல்லை. மாவு மாதிரி மணல், அது சொக்ஸுக்குள்ளும் வரும், சோற்றுக்குள்ளும் வரும். முதல் நாள் மாலை சிஞ்ஞோராவின் காலை ஈரத்துணியால் துடைத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை மற்றவர்கள் கண்டுவிட்டார்கள். அடுத்த மாலை "ஜெசி, ஜெசி" என்று ஆளுக்காள் காலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். படிக்காத டாக்டராக்கிவிட்டார்கள் என்னை. சூடு பிடிக்கிற இடத்தில் கொப்புளம் வரமுன்னமே பிளாஸ்டர் ஒட்ட வேண்டும், விரலிடுக்கில் வஸ்லின் பூச வேண்டும், மத்தியானம் சொக்ஸ் மாற்ற வேண்டும், ஈரக் காலோடு நடக்கவே கூடாது. பெரிய கொப்புளமென்றால், கொதிதண்ணீரில் போட்டெடுத்த ஊசியில் நீல நூலைக் கோத்து, ஒரு பக்கம் குத்தி மற்றப் பக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டுவிடுவேன். நீர் நூல் வழியாக வடிந்துவிடும். இரண்டாம் நாள் அதை உருவி எடுக்க வேண்டும், விட்டால் சீழ் பிடிக்கும். டாக்டர்மார் கண்டால் ஏசுவார்கள்தான், முன்பு வேலை செய்த வீட்டில் யாத்திரை போகிற ஒரு சிஞ்ஞோரா காட்டித் தந்த வேலை அது. என் சிஞ்ஞோராவின் காலுக்குக் கிட்ட மட்டும் ஊசியைக் கொண்டுபோகமாட்டேன்.

நெற்றியில் கட்டுகிற ரோச் லைற் ஒன்று தந்திருந்தார்கள். கூட்டிப்போன பெடியன் மார்கோவின் முகத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டேன், வெளிச்சம் கண்ணில் அடித்து அவன் துள்ளி எழும்பிவிட்டான். அதற்குப் பிறகு நான் நிமிர்வதில்லை. முகம் எனக்கு எதற்கு? கறுத்த பெருவிரல் நகம் என்றால் மார்கோ, சிவப்பு நகப்பூச்சு என்றால் எங்களோடு வந்த பள்ளிக்கூட ரீச்சர், குதி வெடித்து மரக்கட்டை மாதிரி என்றால் ஒட்டகக்காரர். காலைக் கண்டால் ஆளைச் சொல்லிவிடுவேன்.

மிருகங்களும் காலுக்குத்தான் எதிரி அங்கே. ஒருநாள் காலையில் ரீச்சர் சப்பாத்தைத் தட்ட, வெள்ளையாக ஒரு தேள் விழுந்தது. அதற்குப் பிறகு சப்பாத்தைத் தட்டாமல் போட்ட ஆள் இல்லை. இன்னொரு நாள் மணலில் பக்கவாட்டாகக் கோடு கோடாக ஏதோ இழுத்துப் போயிருந்தது, கொம்புப் பாம்பு என்றார் ஒட்டகக்காரர், நான் அன்றைக்கு முழுக்க ஒட்டகத்தை விட்டு விலகவில்லை. பிறகு நரி. பூனையைவிடச் சிறிது, காது மட்டும் முகத்தைவிடப் பெரிது. இருட்டினால் கூடாரத்தடிக்கு வரும். மார்கோவின் ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு போய் எங்கேயோ புதைத்துவிட்டது, பாவம், அவன் அதற்குப் பிறகு மாலையில் ஒற்றைச் செருப்போடு திரிந்தான்.

இனித்தான் விஷயம். கடைசிக்கு முதல் நாள், பொழுது இருட்டிக்கொண்டு வந்த நேரம். எல்லாருடைய காலையும் பார்த்து முடித்துவிட்டேன், சிஞ்ஞோரா கூடாரத்துக்குள் போய்விட்டார், மற்றவர்கள் நெருப்படியில் இருந்து கதைக்கிற சத்தம் கேட்டது. நான் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் கிடந்த முக்காலியில் யாரோ வந்து இருந்தார்கள். இரண்டு கால்கள் வெளிச்சத்துக்குள் வந்தன.

இரண்டும் கணுக்கால்வரை நனைந்து, நெடுநேரம் தண்ணீரில் நின்றவர்களின் தோல் மாதிரி வெளிறிச் சுருங்கியிருந்தன. எனக்கு வந்ததே கோபம்! ஆளுக்கு ஒரு குவளை என்று தண்ணீர் அளந்து தருகிற இடத்தில், எவனோ கால் கழுவி விளையாடியிருக்கிறான் என்று நினைத்து இத்தாலியனில் நன்றாகக் கொடுத்தேன். துணியை எடுத்துத் துடைத்தபோது என் விரல் வெடிப்பு சுரீரென்று எரிந்தது. உப்புத் தண்ணீர்.

இடது காலைத் தூக்கி மடியில் வைத்தேன். இரண்டாம் விரல் பெருவிரலுக்கு மேல் ஏறிக் கிடந்தது. குதியைத் திருப்பினேன், சிப்பி வெட்டின தழும்பு, பிறை மாதிரி. அந்தக் காயத்துக்குச் சீலை கிழித்துக் கட்டியவள் நான், அவனுக்கு அப்போது ஆறு வயது. உள்ளங்காலில் முட்டை அளவில் ஒரு கொப்புளம், புதிது, உடையாதது.

நீங்கள் கேட்பீர்கள், ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று. எல்லாரும் கேட்கிறார்கள். நிமிர்ந்தால் அங்கே வேறு யாரோ ஒரு மனுசன் இருந்துவிட்டால்? அதுதான் என் பயம். அந்தக் கால் என் மடியில் இருக்கும்வரை அவன் இருக்கிறான். நூலைக் கோத்து ஊசியை வைத்தேன். கால் வெடுக்கென்று இழுத்தது, சின்ன வயதில் உள்ளங்காலைத் தொட்டால் அவன் இழுக்கிற அதே இழுப்பு. என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"ஆடாமல் இரடா."

கால் அப்படியே நின்றது. நம்புங்கள், நம்பாமல் விடுங்கள், அந்தப் பாலைவனத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்.

கொப்புளத்து நீர் என் விரலில் வடிந்தது. நூலை விட்டு, நுனியை வெட்டி, சுற்றித் துணி வைத்துக் கட்டினேன். முடித்ததும் குதியில் இரண்டு தட்டுத் தட்டினேன், போ விளையாடு என்று அந்தக் காலத்தில் தட்டுகிற மாதிரி. கால்கள் வெளிச்சத்தை விட்டு எழும்பின. அப்போதுதான் நிமிர்ந்தேன். முக்காலி வெறுமையாகக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி அந்த நரி குந்தியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. இரண்டு காதையும் இருட்டுப் பக்கம் விறைத்துக்கொண்டு, தூரத்தில் போகிற ஒருவரை நாய் பார்த்துக்கொண்டிருக்குமே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழும்பி அந்தப் பக்கமாகவே போய்விட்டது. நான் "தம்பி" என்று கத்தினேனாம். நெருப்படியில் இருந்தவர்கள் ஓடி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சிஞ்ஞோரா கூடார வாசலால் என்னைக் கண்டிருக்கிறார். நீ தனியாகக் குனிந்திருந்து உன் பாஷையில் ஏதோ சொன்னாய், செபம் சொல்கிறாய் என்று கூப்பிடவில்லை என்றார். முக்காலியில் ஆள் இருந்ததா என்று கேட்டேன். உன் தலை மறைத்தது, தெரியாது என்றார். இரவு முழுக்கக் காற்று, விடியப் பார்த்தால் என் கால்தடமே இல்லை, அவனுடையதை எங்கே தேடுவது. அன்று மாலை ஒட்டகக்காரர் உட்பட எல்லாரையும் வரிசையில் இருத்திக் காலைப் பார்த்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். ஒரு காலிலும் நூல் இல்லை.

பலெர்மோவுக்கு வந்ததும் மேல்வீட்டுப் புஷ்பமக்காவிடம்தான் முதலில் சொன்னேன். அவ சிலுவை போட்டுக்கொண்டா. "அது பூசை கேட்டு வந்த ஆத்துமமடி. பேரைக் குடு, அந்தப் பிள்ளை இளைப்பாறட்டும்." எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பிறகு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அம்மா முழுக்கக் கேட்டா. கேட்டுவிட்டுக் காலைப் பற்றித்தான் கேட்டா.

"கால் சூடாய் இருந்துதோ, குளிர்ந்து கிடந்துதோ?"

"சூடம்மா. நல்ல சூடு."

"கொப்புளத்திலை தண்ணி வந்துதோ?"

"ஓம்."

பிறகு, "நடக்கிறவனுக்குத்தானே பிள்ளை கொப்புளம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டா.

நவம்பர்ப் பூசைக்குப் போனேன். பெயர் கேட்டுக்கொண்டு வந்தவர் நான் இருந்த வாங்கடியில் நின்றார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். "வேறை?" என்றார். புஷ்பமக்கா என் முழங்கையை இடித்தா. "வேறை ஒருத்தரும் இல்லை" என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன், சந்தைச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்டிருக்காது. இப்போது படியில் காலடி கேட்டால் திரும்பவும் காது கொடுக்கிறேன். அலுப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

அது ஆவியோ, என் மூளைக் கோளாறோ, நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். என்னைத் தூங்கவிடாதது வேறு ஒன்று. இரண்டாம் நாள் எடுத்திருக்க வேண்டிய நூல் அது. கட்டி அனுப்பிவிட்டேன், அதை மட்டும் அவனுக்குச் சொல்ல மறந்துபோனேன். ஒவ்வொரு மாலையும் சிஞ்ஞோராவின் காலை மடியில் வைக்கும்போது அந்த நினைப்பு வந்துவிடும். அவன் இன்னும் நடக்கிறான் என்றால், அந்த நூலை அவனுக்கு யார் எடுத்துவிட்டிருப்பார்கள்?