பெண்ட் எடுத்த சக்கரம்

திருத்தணியில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே மூன்று பேர் சைக்கிள் பழுது பார்ப்போம். தெருவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் பெண்களை விரும்பும் பெண். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் வேண்டாம் என்று தட்டிக்கழித்துக்கொண்டிருப்பவள். இரண்டாமவள் தையல் கடை வைத்திருக்கும் திருநங்கை. மூன்றாமவள் அண்ணன் வீட்டில் இருக்கும் ஒரு நர்ஸ். அவளும் என்னைப் போலத்தான். எங்கள் இருவரைத் தவிர வேறு யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அவரவர் வண்டியை அவரவர் தொடக்கூடாது, இன்னொருத்திதான் கழற்ற வேண்டும். வண்டிக்காரி சும்மா உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டில் வாய் திறக்க வழியில்லாதவர்களுக்கு அது பெரிய காரியம். அப்புறம் மூன்று வண்டிகளும் பொதட்டூர்பேட்டை சாலையில் கொஞ்ச தூரம் போகும், டீ குடித்துவிட்டுத் திரும்பும். மற்ற நாளெல்லாம் பவர்லூம் சத்தத்தில் யாரோடும் பேசாமல் கிடப்பவள் நான். அந்த ஒரு காலையை நம்பித்தான் வாரத்தைத் தள்ளினேன்.

நர்ஸின் பின்சக்கரம் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். அண்ணனிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் வருவாள். ஒரு ஞாயிறு எனக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. கம்பி கம்பியாக முறுக்கி, பெண்ட் எடுத்து, நூல் பிடித்ததுபோல் சுழலவிட்டேன். அன்றைக்குப் பார்த்து அவளைக் கூட்டிப்போக அண்ணனே வந்தான். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான்.

"சூப்பரா பண்ணிக்கிறீங்கக்கா. இனிமே தொல்ல குடுக்காதுல்ல?"

"ஆங், ரெண்டு வருசத்துக்கு யாரும் கை வெக்க வேணாம்" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நர்ஸ் முகம் செத்துப்போனது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அவர்கள் போனதும் தையல்காரி ஸ்பானரைத் தூக்கி எறிந்தாள்.

"உனுக்கு அறிவுகீதா? அடுத்த வாரமும் கொண்டாரணும்னு சொல்ல வேண்டியதுதானே! இனிமே அவ இன்னா சொல்லிகினு வருவா?"

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால் அண்ணி எடுத்தாள். "வண்டி நல்லா ஓடுதுக்கா" என்று வைத்துவிட்டாள். தையல்காரிக்குக் கல்யாண சீசன், பாதி ஞாயிறு அவளும் வருவதில்லை. என் வண்டியின் செயின் தொங்குகிறது. சட்டப்படி நான் அதைத் தொடக்கூடாது. எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தனிமை எனக்குப் பழக்கம்தான், ஆனால் மூன்று பேராக இருந்துவிட்டு வந்த தனிமையைத் தாங்க முடியவில்லை.

போன வாரம் கடைத்தெருவில் நர்ஸைப் பார்த்தேன். சைக்கிளில் போனாள். அண்ணன் பைக்கில் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தான். என்னைக் கடக்கும்போது அவள் திரும்பவில்லை, மணியடிக்கவில்லை. சக்கரம் துளி ஆட்டமில்லாமல் ஓடியது. என் வேலை அது, குறை சொல்ல முடியாத வேலை. நடுத்தெருவில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

'முருகா, அந்தச் சக்கரம் கோணிப்போகட்டும்' என்று வேண்டிக்கொண்டேன்.