சொளகை வாசலில் வைக்காத நாள்

சண்டைக் காலத்தில் பர்மா அரிசி நின்றுபோனது. மதுரை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கிய வேகன்களைப் பெருக்கப் போவோம். சிந்திக் கிடக்கிற அரிசி பெருக்கியவளுக்கு. உள்ளே போகிறவள் அரிசி புடைக்கிற தன் முறத்தை, எங்கள் பேச்சில் சொளகை, வேகன் வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் கட்டுப்பாடு. சொளகு கிடந்தால் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

அன்றைக்கு என் சொளகு புதுசு. அம்மா சந்தையில் வாங்கித் தந்தது. அம்மா சொளகு வாங்குவதென்றால் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, கடைக்காரனை அழவைத்துத்தான் வாங்குவாள். அதை வாசலில் போட மனசு வரவில்லை. கையோடு எடுத்துக்கொண்டு, இறக்காமல் விட்டிருந்த மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டேன். அந்த மூட்டைகள் விருதுநகருக்குப் போகிறவை. வேகனில் சீட்டு ஒட்டித்தான் இருந்தது, எனக்கு எழுத்துத் தெரிந்தால்தானே.

பக்கத்துத் தண்டவாளத்தில் ஓர் எஞ்சின் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது என்று பேசிக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தில் கதவை இழுத்தது கேட்கவில்லை. கதவு சாத்தி உள்ளே இருட்டியதும்தான் நிமிர்ந்தேன். தட்டினேன், கத்தினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பிவிட்டது.

வெயிலில் இரும்பு கொதித்தது. கதவிடுக்கில் விரல் அகலத்துக்கு வெளிச்சம். அதில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டில் நாலு மாதப் பிள்ளை மாமியாரிடம் இருந்தாள். விடியலில் பால் கொடுத்துவிட்டு வந்தது, நேரமாக ஆகப் பால் கட்டி மார் கல்லாகிவிட்டது. கையை அசைத்தாலே உயிர் போனது.

எதிரே வரும் பாசஞ்சருக்கு வழிவிட வண்டி திருப்பரங்குன்றத்தில் ஒதுங்கி நின்றது. மறுபடி கத்தினேன். கார்டு ஓடிவந்தார்.

"உள்ள யாரு?"

"வேகன் கூட்டுறவ, அண்ணே."

"சொளக எங்க வச்ச?"

"எங்கையிலதான் இருக்கு."

"நல்லா வச்ச போ. கம்பியில ஈய முத்திரை போட்டிருக்கு தாயி. விருதுநகர்லதான் உடைக்கணும். நான் உடைச்சா என் வேல போயிரும்."

"பச்சப்புள்ள பாலுக்கு அழும்ணே."

கதவிடுக்குக்குப் பக்கத்தில் வந்து கேட்டார், "எத்தன மாசம்?"

"நாலு."

அவர் போய் ஸ்டேஷன் மாஸ்டரைக் கூட்டிவந்தார். "மூட்டைய எண்ணாமத் தொறக்கக் கூடாதுய்யா," என்றார் மாஸ்டர்.

"தொறக்காம எப்படிங்க எண்ணுறது?" என்றார் கார்டு.

மாஸ்டர் யோசித்துவிட்டுத் தலையாட்டியிருக்க வேண்டும். கம்பி அறுந்தது. என்னை இறக்கிவிட்டு, மூட்டையை எண்ணி, புது முத்திரை போட்டார்கள். எதிரே வந்த பாசஞ்சரின் கார்டு பெட்டியில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள்.

மாமியார் வாசலிலேயே நின்றார். "அரிசி எங்கடி?"

"விருதுநகர் போகுது அத்த."

"சொளகு?"

"அதுவும்தான்."

பிள்ளை பக்கத்து வீட்டு ராவுத்தரம்மா மடியில் கிடந்தாள். அழுத பிள்ளைக்கு அந்தம்மாதான் பால் கொடுத்திருக்கிறார். ஓடிப்போய் வாங்கி மாரில் வைத்தேன். வயிறு நிறைந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கோ ரவிக்கை தொட்டால் வலிக்கிறது.

"எம் மவனுக்கு வைக்காம அம்புட்டையும் ஒம் மக குடிச்சிட்டா," என்று அந்தம்மா எழுந்தார். "இரு, அவனத் தூக்கிட்டு வாரேன்."

அந்தப் பிள்ளை குடிக்கக் குடிக்க மார் இளகியது; அப்போதுதான் நான் வேகனிலிருந்து இறங்கினேன்.