விழ விடாத கைகள்

ராக்காயிக்குப் பாம்பென்றால் பயமில்லை. மலாயாவில், மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைக்கிறவள். காலுக்கு அருகில் நாகம் நெளிந்தாலும் நாயை விரட்டுகிற மாதிரி ‘ச்சீ, போ!’ என்று அதட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவாள். அவள் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று, வேலையை மேய்க்கிற மண்டோர் ஒருநாள் வாய் தவறிச் சொல்லப்போக, வாளியோடு அவர் காலடியில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டியவள். அப்படிப்பட்டவளை, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்து நடுங்க வைத்துவிட்டது.

காரணம் அவள் புருஷன் அம்மாசி. நாள் முழுக்கப் பால் வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பைத் தூக்கச் சொன்னாலும் சளைக்காத மனிதர். ஆனால் ஓரிடத்தில் அசையாமல் நின்று, கூடவே மனதில் பயமும் புகுந்துவிட்டால் போதும், முகம் வெளுத்துச் சாய்ந்துவிடுவார். முன்பெல்லாம் ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் அவர் விழுந்தால் ‘புதுப்பொண்ணு மயங்கிடுச்சுடோய்’ என்று ஊரே கேலி செய்யும். அவரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்.

இப்போது சிரிக்க யாருக்கும் தைரியமில்லை. காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்திலிருந்து அரிசி போகிறதாம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டாயிற்று. நினைத்த நேரத்தில் பட்டாளம் வந்து எல்லோரையும் வரிசையில் நிறுத்தும். லாரிக்குள்ளே தலைமேல் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவனைத் ‘தலையாட்டி’ என்றார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்த ஆள் லாரியில் ஏறவேண்டியதுதான். கீழ் டிவிஷனில் ஒருவர் வெயில் தாங்காமல் வரிசையில் விழுந்துவிட்டார். ‘மடியில் கனமில்லாதவன் ஏன் விழுகிறான்?’ என்று, தலையாட்டி ஆட்டுவதற்கு முன்பே அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். இன்றுவரை தகவலில்லை.

அன்றிலிருந்து ராக்காயிக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் பரஞ்சோதியிடம் ஓடினாள்.

“பிடரிக்குள்ள, மூளை முடியிற எடத்துல தண்டு மாதிரி ஒண்ணு இருக்கும்மா. கட்டவிரல் தண்டிதான்,” என்றார் அவர். “மூளைக்கு ரத்தம் சரியாப் போவுதான்னு அது ராவும் பகலும் பாத்துக்கிட்டே இருக்கும். நின்னா ரத்தம் காலுக்கு எறங்குமில்ல? ஒடனே நெஞ்ச வேகமா அடிக்கச் சொல்லும், ரத்தக் குழாய இறுக்கச் சொல்லும். அப்பதான் ரத்தம் தலைக்கு ஏறும். ஒம் புருஷனுக்குப் பயம் வந்துட்டா அந்தத் தண்டு நேர்மாறா உத்தரவு போட்டுடுது. நெஞ்ச மெதுவாக்குது, கொழாயத் தளத்துது. மூளைக்கு ரத்தம் பத்தல, விழுந்துடறாரு.”

“அந்த விழுற சீக்குக்கு மருந்து குடுங்கய்யா.”

“விழறதுதாம்மா மருந்தே. படுத்துட்டா ரத்தம் தானா தலைக்குப் போயிரும், எந்திரிச்சுடுவாரு. தூக்கி மட்டும் நிறுத்திடாதீங்க. நான் தொரகிட்டச் சொல்லிப் பாக்குறேன்.”

சொன்னாரோ என்னவோ. துரை கேட்டாலும் துப்பாக்கிக்காரன் கேட்பானா? ராக்காயி தன் மூளைக்கு எட்டியதைச் செய்தாள். பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமியிடமும் அவர் மச்சான் மணியத்திடமும் போய் அழுதாள்.

“அழாத லா, தங்கச்சி,” என்றார் பக்கிரிசாமி. “நாங்க ரெண்டு பக்கமும் ஒட்டி நின்னுக்கிறோம். அவரு சாஞ்சாலும் விழ மாட்டாரு. ஒரு பய கண்டுபிடிக்க முடியாது.”

அடுத்த தடவை பட்டாளம் வந்தபோது அப்படியே செய்தார்கள். பெரட்டுக் களத்தில் ஆண்கள் ஒரு வரிசை, எதிரே பெண்கள் ஒரு வரிசை. வெயில் மண்டையைப் பிளந்தது. லாரி ஊர்ந்து வந்தது. ராக்காயி புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் உதடு வெளுத்தது. கண் செருகியது. பக்கிரிசாமியின் கை அவர் முதுகுக்குப் பின்னால் போய் இடுப்பு வேட்டியை இறுகப் பற்றியது. மணியமும் தோளால் முட்டுக் கொடுத்தார். அம்மாசி நின்றார். ராக்காயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

லாரி நகரவில்லை. வரிசையின் நடுவில் யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாசியின் தலை மார்பில் தொங்கியது. முகம் சாம்பலாகிவிட்டது. பிறகு கை ஒருமுறை வெட்டி இழுத்தது. மறுபடியும் இழுத்தது. பிடித்திருந்த இருவரும் பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். தூக்கி நிறுத்தாதே என்று டிரஸர் சொன்னது அப்போதுதான் அவள் நெஞ்சில் அறைந்தது. நிற்க வைத்தே கொன்றுகொண்டிருக்கிறார்கள். அதுவும் அவள் கேட்டுக்கொண்டதற்காக.

கத்தினால் லாரி. கத்தாவிட்டால் பிணம். எப்படித்தான் குரல் வந்ததோ.

“விடுங்கண்ணே! அவரக் கீழ விடுங்க!”

துப்பாக்கிகள் அவள் பக்கம் திரும்பின. பக்கிரிசாமி விடவில்லை, பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ராக்காயி களத்தைக் குறுக்கே கடந்து ஓடினாள். யாரோ அதட்டினார்கள், சுடப்போகிறார்கள் என்று முதுகு கூசியது, ஆனாலும் ஓடினாள். பக்கிரிசாமியின் விரல்களைப் பிய்த்து எடுத்தாள். மணியம் விலகிக்கொள்ள, அம்மாசி தொப்பென்று சாய்ந்தார். அவர் கால்களைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, தலை குனிந்து காத்திருந்தாள்.

லாரி எதிரே வந்து நின்றது. சாக்கு ஓட்டைக்குள் இரண்டு கண்கள். அவை தரையில் கிடந்தவரைப் பார்த்தன, அவளைப் பார்த்தன. அவளுக்கு நீர் பிரிந்து சேலை நனைந்தது. பிறகு அந்தக் கண்கள் மேலே போயின. வெறுங்கையோடு நின்றிருந்த பக்கிரிசாமியின் மேல் நின்றன. சாக்கு மேலும் கீழும் அசைந்தது.

“நான் என்ன செஞ்சேன்?” என்று மட்டும் கேட்டார் பக்கிரிசாமி. அவரை ஏற்றிக்கொண்டு லாரி கேட்டைத் தாண்டியது.

அம்மாசியின் கன்னத்தில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து, வெயிலுக்குக் கூசி, மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“விழுந்துட்டனா புள்ள?”

“ஆமாங்க.”

“அண்ணன் கெட்டியாத்தான பிடிச்சிருந்தாரு? எங்க அவரு?”

ராக்காயி வாயைத் திறந்தாள். அவள் பேசுவதற்கு முன்னால், பெண்கள் வரிசையிலிருந்து பக்கிரிசாமியின் மனைவி ஓவென்று கதறத் தொடங்கினாள்.