அண்ணாச்சியும் கடல் இல்லாத பூமியும்

ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஞானதுரை அண்ணாச்சியின் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா காலைல கடலைப் பாத்துட்டு வந்து காப்பி கேட்டாவ. கொண்டு வாரதுக்குள்ள போயிட்டாவ." காயை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அழுதுகொண்டு புறப்பட்டவன், மில்லர்புரத்தில் அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அவர் பேச்சை நினைத்து இரண்டு முறை சிரித்துவிட்டேன். அவரை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

துறைமுகத்து இழுவைப் படகில் அவர் படகைச் செலுத்தும் மாஸ்டர், நான் என்ஜின் டிரைவர். கப்பல் வராத நேரமெல்லாம் எங்களுக்குள் வேதச் சண்டைதான். தீர்க்கதரிசனம் எழுதியபடியே நடக்கும் என்பது அவர் கட்சி. எல்லாம் உவமை என்பது என் கட்சி. "சிங்கம் வைக்கோல் தின்னும்னு வசனம் இருக்கே, எங்கேயாவது திங்குமா அண்ணாச்சி?" என்று சீண்டுவேன். "எழுதியிருந்தா திங்கும்லே. நீயா வைக்கோல் வாங்கிப் போடப்போற?" என்பார்.

ஓய்வுபெற்ற பிறகு புதன்கிழமைதோறும் அவர் வீட்டில் வேதபாடம் நடந்தது. பழைய கடல் வரைபடம் ஒன்றின் பின்பக்கத்தில் உலகத்தின் கடைசிக்காலம் முழுவதையும் கலர் பென்சிலால் வரைந்து சுவரில் மாட்டியிருந்தார். அவருடைய ஸ்டடி பைபிள் செங்கல் கனம். பிடிக்காத அடிக்குறிப்புக்குப் பக்கத்தில் 'தப்பு' என்று எழுதிவைப்பார். "மேல இருக்கது ஆண்டவர் சொன்னது. கீழ இருக்கது படிச்சவன் சொன்னது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதிய" என்பார்.

ஒருநாள் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவுக்கு வந்தோம். புதிய பூமியில் கடல் இருக்காது என்கிற வசனம். விடுவேனா? "எழுதினபடிதானே அண்ணாச்சி? அப்போ நம்ம கடலும் போயிருமே!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முடிவு ஜெபத்தைக்கூட வேறொருவரைச் செய்யச் சொல்லிவிட்டார். தினமும் கடலைப் பார்க்காமல் காப்பி குடிக்காத மனுஷர். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

உவமை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடல் பிழைத்துக்கொள்ளும். அதை அவர் சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அடுத்த புதன்கிழமை எல்லோர் முன்னாலும், "எழுதினபடிதான். கடல் இருக்காது" என்றார். என் பக்கம் திரும்பி, "ஆனா எனக்குப் பிடிக்கலைலே" என்றார். பிறகு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். தனக்கு உயிரான ஒன்றுக்காகக்கூட வசனத்தை வளைக்காத மனுஷரை அன்றைக்குத்தான் நான் முழுதாகப் பார்த்தேன். நான் கட்சி மாறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரைச் சீண்டும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு கும்பிடும் போட்டுக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள், "உங்களுக்குக் குடுக்கச் சொல்லியிருந்தாவ" என்று மகள் அந்தப் பைபிளைத் தந்தாள். நேராக அந்த வசனத்துக்குப் போனேன். கடல் என்பது உவமையே என்றது அடிக்குறிப்பு. பக்கத்தில் வழக்கம்போல 'தப்பு'. வசனத்தின் ஓரத்தில், படகின் வேலைப் புத்தகத்தில் எழுதிய அதே கையெழுத்தில் ஒரு வரி: 'போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, இதை நேரில் கேட்கணும்.'

பைபிள் இப்போது என் மேசையில் இருக்கிறது. காலையில் கடலைப் பார்த்துவிட்டு வந்துதான் நானும் காப்பி குடிக்கிறேன். அண்ணாச்சி இந்நேரம் ஆண்டவரிடம் கேட்டிருப்பார். என்ன பதில் வந்தது என்று அவரிடம் கேட்க, எனக்கும் அங்கே ஒரு வேலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.