சட்டிச் சூட்டில் ஒரு கை

புதுவாயலுக்கு அருகே எங்கள் நெல்வயலில் எலி பிடிக்க வந்தவர் அவர். மார்கழிப் பனியில் வரப்பு நனைந்திருந்தது. மண்சட்டியில் வைக்கோலைப் புகையவிட்டு எலிவளைக்குள் ஊதி முடித்ததும், அந்தச் சூடான சட்டியை இரு கைகளாலும் அணைத்தபடி வெகுநேரம் குந்தியிருந்தார். விடியலிலிருந்து ஒவ்வொரு வளைக்கும் இப்படித்தான். புகையில் கண்கள் சிவந்து, தோள்கள் களைத்துத் தொங்கின. சோம்பல் என்று எண்ணி, கணவரின் தொழிற்சாலைக் கையுறைகளை நீட்டினேன்.

“குளிருக்கு இத மாட்டிக்கினு சீக்கிரம் முடிங்களேன்.”

“வோணாம்மா. உள்ள கீறது எலியா பாம்பான்னு வெரல்தான் சொல்லணும். வெறைச்ச கைக்கு இன்னா தெரியும்?” நுனி மடங்கிய சுட்டுவிரலைக் காட்டினார். “ஒருவாட்டி அவசரப்பட்டதுக்கு இது.”

பிறகு வளைக்குள் தோள்வரை கையை விட்டவர், சட்டென்று அசைவை நிறுத்தினார். மிக மெல்ல வெறுங்கையை வெளியே எடுத்தார்.

“பாம்பும்மா. சுருண்டு கெடக்குது. அதை இன்னாத்துக்கு பேஜார் பண்ணணும்?”

அறுவடைக்கு வருபவர்கள் அறிய, வளையருகே ஒரு குச்சியை நட்டார். சட்டியைத் தொட்டுப் பார்த்தார், ஆறியிருந்தது.

“கொஞ்சம் வைக்கோல் கொண்டாம்மா. இன்னும் நாலு வளை கீது.”

கையுறைகளை வரப்பில் வைத்துவிட்டு வைக்கோலுக்குப் போனேன். தொட்டதை எழுப்பாமல் திரும்பிய அந்தக் கையின் நிதானம் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.