பத்துக் கெஜச் சங்கிலி

ஞாயிறு முடிந்து திங்கள் காலை நான் கீழே இறங்கி வரும்போது, எங்கள் முன்னறை ஹீட்டரின் மேல் தலையில்லாத ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பான். அகன்ற தோள், குறுகிய இடுப்பு, இரண்டு பக்கமும் தொங்கும் வார்கள். அது மகன் சுதனின் தோள் கவசம் என்று தெரிந்தும் ஒவ்வொரு வாரமும் நெஞ்சு ஒருமுறை திக்கென்கிறது. அதற்குப் பக்கத்தில் என் மனைவி பூமணியின் பருத்திச் சேலையும் காய்ந்துகொண்டிருக்கும். மனோர் பார்க்கில் எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடுகள் இருக்கின்றன. வேறெந்த வீட்டிலும் இந்த இரண்டும் ஒரே ஹீட்டரில் காயாது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இந்நாட்டு ஆங்கிலேயரின் உதைபந்தாட்டம் நீங்கள் அறிந்ததே. சுதன் ஆடுவது அதுவல்ல, அமெரிக்கன் ஃபுட்போல். பெயரில்தான் கால் இருக்கிறது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், எறிகிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். எண்பதுகளில் அதைத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கினார்கள். தொண்ணூறு பிறப்பதற்குள் சுதனின் பல்கலைக்கழகத்திலும் ஓர் அணி முளைத்துவிட்டது. எங்கள் சனத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், சதுரங்கம் ஆடுவார்கள். இவன் இதைப் பிடித்தான். "காலோ கையோ முறிஞ்சால் நீங்கள்தான் பொறுப்பு" என்று பூமணி என்னிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து என் நித்திரை பாதியானது.

முறிவதைவிடப் பெரிய கவலை ஒன்று அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன் வந்தது. சுதன் ரன்னிங் பேக், அதாவது பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து ஓடுபவன். ஆனால் உருவத்தில் அவன் என்னைப் போல. நடுவால் ஓடினால் மூன்று மடங்கு பாரமான ஒருவன் அவனை நிலத்தோடு சேர்த்துவிடுவான். அவர்களுடைய கோச் ஓர் அமெரிக்கர். அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம்: ஓட மட்டும் தெரிந்த ஆள் எனக்கு வேண்டாம், எறிபவனைக் காக்கவும் வேண்டும், வெளியே போய்ப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்து காட்டு, இல்லாவிட்டால் அடுத்த வருடம் ஆடாமல் வாங்கில் இரு. சுதன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏ லெவல் சோதனை முடிவு வந்த அன்றுகூட அவன் ஒரு நேரச் சாப்பாட்டையும் விட்டவன் அல்ல.

"எனக்கும் விளங்கப்படுத்து" என்றேன்.

மேசையில் பதினொரு தேநீர்க் கோப்பைகள் வைக்க வேண்டும் என்றான். எங்களிடம் இருந்தது பத்து. பதினோராவதாக ஒரு முட்டையை வைத்தான்.

"முட்டை ஆர்?"

"நான்தான், அப்பா."

ஐந்து கோப்பைகள் முன்னால் மறித்து நிற்பவர்கள். அவர்கள் பந்தைப் பிடிக்கக்கூடாது. ஒரு கோப்பை எறிபவன். நான்கு கோப்பைகள் வெளியே ஓடிப் பந்தைப் பிடிப்பவர்கள். எதிரிகள் அந்த நான்கையும் எண்ணி, ஆள் போட்டுக் காப்பார்கள். முட்டையோ எறிபவனுக்குப் பக்கத்தில், அவனைக் காக்கப் போகிறதுபோல நிற்கும். ஒரு கணம் நின்றுவிட்டு மெல்ல வெளியே நழுவும். அதை எண்ணுவதற்கு எதிரணியில் ஒருவன்தான் மிச்சம், லைன்பேக்கர் என்று பெயர்.

"அவன்ரை முகத்துக்கு நேர ஓட வேணும் அப்பா. அவன் எந்தப் பக்கம் சாயிறானோ, அதுக்கு மற்றப் பக்கம் நான் திரும்ப வேணும். முதலே முடிவெடுக்க ஏலாது."

எண்ணாமல் விடப்பட்ட ஐந்தாவது ஆள்! இதில் இவ்வளவு கணக்கு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முட்டையைக் கையால் தள்ளித் தள்ளி நானே நாலு தரம் ஓடிப் பார்த்தேன். ஐந்தாம் தரம் பூமணி வந்து அதை எடுத்துப் பொரித்துவிட்டாள்.

ஞாயிறு, பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கத்து மைதானம். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட், கழுத்தில் சுதனின் அணியின் சிவப்பு மப்ளர். எல்லைக்கோட்டருகே டெரெக் என்ற வெள்ளைக்காரர் தனியாக நின்று ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்ததைக் கண்டதும் என் கால்கள் நின்றுவிட்டன. ஒரு சங்கிலி. இரு முனையிலும் செம்மஞ்சள் கம்பம்.

முப்பது வருடம் நான் நில அளவையாளன். வன்னிக் காடுகளில் என் சங்கிலி போகாத இடம் குறைவு. அது அறுபத்தாறு அடி, நூறு கண்ணி, இருபத்திரண்டு கெஜம். பிறகு நாடு எரிந்தது, நாங்கள் வந்தோம். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்று முறை வந்தபோது, என்ன வேலை செய்தாய் என்று அங்கிருந்த பெண் கேட்டாள். சொன்னேன். இங்கே எல்லாம் அளந்து முடிந்துவிட்டது என்று சிரித்தாள். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். நான் அதை வீடுவரை கொண்டுவந்துவிட்டேன்.

இப்போது டெரெக் ஒரு கம்பத்தை என் கையில் தந்தார். நாலு தரத்துக்குள் பத்துக் கெஜம் முன்னேறினால் அந்த அணி தொடர்ந்து ஆடலாம். முன்னேறினார்களா என்று அளப்பது நாங்கள். நான் தொழில் பழக்கத்தில் சங்கிலியை இழுத்து, என் பாதத்தால் அளந்து பார்த்தேன். மூன்று அங்குலம் குறைவு என்றேன். "இன்று ஞாயிற்றுக்கிழமைதானே, நண்பரே" என்றார் டெரெக். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்நாட்டில் கெஜம் சுருங்குமா என்று யோசித்தேன். ஊரில் நான் அதிகாரி. சங்கிலி பிடிக்க இரண்டு ஆட்கள் இருந்தார்கள். முதன்முதலாக அதை என் கையால் பிடித்தேன். சந்தோசமாக இருந்தது, வேறென்ன சொல்ல?

சங்கிலிக்காரர் இருவரும் எதிரணியின் பக்கம் நிற்க வேண்டும், எந்த அணிக்கும் சத்தம் போடக்கூடாது என்றார் டெரெக். தலையாட்டினேன். முதல் பாதியில் சுதனிடம் மூன்று தரம் பந்து வந்தது. மூன்றையும் தவறவிட்டான். கோச் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. தமிழில் கத்தினால் யாருக்கு விளங்கப் போகிறது என்று, "தம்பி, பந்தைப் பார்! ஆளைப் பாக்காதை!" என்று கத்தினேன்.

எதிரணியின் நீலச் சட்டைக்காரன் ஒருவன், அந்த லைன்பேக்கரேதான், தலைக்கவசத்தைத் திருப்பினான். கம்பிகளுக்குள்ளே கறுத்த முகம், வெள்ளைப் பற்கள்.

"அங்கிள், எனக்கும் விளங்குது."

எனக்கு வெட்கம் வர வேண்டும். வந்தது வேறு. "நீர் ஆரின்ரை மகன்? ஊரிலை எவடம்?"

"அம்மா கோண்டாவில். பேர் கஜன். அங்கிள், ப்ளீஸ், ஆட்டம் தொடங்குது!"

"கோண்டாவிலிலை எந்தப் பக்கம்?"

அவனுடைய கப்டன் அவனைப் பார்த்துக் கத்தினான். டெரெக் என்னைப் பார்த்துக் கத்தினார். இடைவேளையில் கஜனே ஓடி வந்து, "உங்களுக்குக் காது குளிருது" என்று தன் அணியின் நீலக் கம்பளித் தொப்பியை என் தலையில் மாட்டினான். "உங்கடை மகனைப் பாத்துக்கொள்ளுறதுதான் இண்டைக்கு என்ரை வேலை, அங்கிள். பயப்பிடாதேங்கோ, மெதுவாத்தான் விழுத்துவன்."

இரண்டாம் பாதியில் சுதன் இரண்டைப் பிடித்தான். ஆனாலும் கடைசி நிமிடத்தில் நாங்கள் நாலு புள்ளி பின்னால். கடைசிக் கோட்டுக்குப் பதினைந்து கெஜம், தாண்டினால் ஆறு புள்ளி. ஒரேயொரு தரம் மிச்சம். கோச் சுதனின் கவசத்தில் தட்டி உள்ளே அனுப்பினார். அவர் முகத்தில் நம்பிக்கை அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை.

பந்து எறிபவன் கைக்குப் போனது. நான்கு பேர் ஓடினார்கள். நான்கு பேருக்கும் ஆள் இருந்தது. முட்டை ஒரு கணம் நின்றது, நழுவியது, நேராகக் கஜனை நோக்கி ஓடியது. என் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. ஒருவரும் இல்லை. எண்ணிப் பார்த்தேன், உண்மையிலேயே ஒருவரும் இல்லை. டெரெக்கும் விதியும் மறந்துபோயின.

"தம்பி, இஞ்சாலை வா! என்ரை பக்கம் வா! இஞ்சை வெளி கிடக்கு!"

கஜன் நல்ல பிள்ளை. பெரியவர் ஒருவர் கூப்பிட்ட பக்கம் அவன் கால் தானாக ஓரடி சாய்ந்தது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சுதன் மறுபக்கம் திரும்பினான். பந்து அவன் நெஞ்சில் விழுந்தது. இரண்டு கைகளாலும் அதை அணைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தான். கோச் தன் தொப்பியை மேலே எறிந்தார். அதை அவர் பிறகு தேடவேயில்லை. சிவப்புச் சட்டைகள் எல்லாம் அவன் மேல் விழுந்தன. கீழே இருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து ஆடியது. முறியவில்லை.

"என்ன கத்தினீர்?" என்றார் டெரெக்.

"என்னிடம் வரச் சொன்னேன்."

"அவன் வரவில்லையே."

"ஒருநாளும் வந்ததில்லை" என்றேன். அதைச் சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

டெரெக் எரிச்சலோ சிரிப்போ தெரியாத முகத்தோடு தன் கம்பத்தை நிலத்தில் குத்திவிட்டு நடுவரிடம் போனார். கஜன் மூச்சு வாங்க வந்து அந்தக் கம்பத்தைப் பிடுங்கினான்.

"உங்கடை சொல்லைக் கேட்டுத்தான் கெட்டன், அங்கிள்."

"என்ரை மகன் கேட்டிருந்தா அவன் கெட்டிருப்பான்" என்றேன். "பிளாஸ்கிலை தேத்தண்ணி கிடக்கு, குடிச்சிட்டுப் போம்."

"முதல் இதைச் சுத்துவம்."

தலையில் நீலத் தொப்பி, கழுத்தில் சிவப்பு மப்ளர். சங்கிலியின் ஒரு முனை என் கையில், மறுமுனை கோண்டாவில்காரியின் மகன் கையில். மைதானத்தின் அக்கரையில் என் மகனை வெள்ளைக்காரப் பிள்ளைகள் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்து அவன் என்னைப் பார்த்து ஏதோ கத்தினான். எந்த மொழியில் என்று கேட்கவில்லை. நானும் கையை ஆட்டினேன். சங்கிலி இழுபட, மறுமுனையில் கஜனின் கையும் சேர்ந்து ஆடியது.