மிஷினை விட்டு எழுந்திருக்காதே

எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. மூத்தவளுக்குப் பதினெட்டு. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வருஷத்தில் நான் உண்டானேன். இன்று இதை ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது. அன்று சொல்ல நாக்கு எழவில்லை.

போடியில் எங்கள் வீடு ஒடுங்கலானது. வாசலைத் தாண்டினால் ஒரு கூடம், பின்னால் ஓர் அறை, சமையல்கட்டு, கொல்லை. கூடத்தில் ஜன்னலை ஒட்டி என் தையல் மிஷின் கிடந்தது. என் வீட்டுக்காரருக்குப் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலை. மாதம் ஒருமுறை லோடு இறக்கும் ஜீப்பில் இடம் கிடைத்தால் அதில் வருவார், இல்லாவிட்டால் நடந்தே இறங்குவார். அவர் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்ப்பது நடக்காத காரியம் என்று தெரிந்த பிறகுதான் நான் மிஷினில் உட்கார்ந்தேன். தெருப் பெண்களுக்கு ரவிக்கை, பிள்ளைகளுக்குச் சட்டை, பாவாடை. அது போக, மலையில் காய் எடுக்கும் பெண்களுக்கு முழுக்கைச் சட்டை. அட்டைக்கும் குளிருக்கும் பயந்து சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார்கள் அவர்கள். தைத்து மூட்டையாகக் கட்டி இவரிடம் கொடுத்தனுப்புவேன். உலையை வைத்துவிட்டு ஒரு கை தைப்பேன், கஞ்சியை வடித்துவிட்டு ஒரு கழுத்து வெட்டுவேன். என் மூன்றாவது பையன் கைக்குழந்தையாக இருந்தபோது மிஷின் சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்வான். அதற்காகவே சில நாள் துணியே இல்லாமல் மிதித்திருக்கிறேன்.

தைக்கிறவளுக்கு ஊர்ப் பெண்களின் உடம்பெல்லாம் அத்துப்படி. யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது என்பது மாமியார்களுக்குத் தெரியும் முன்னே எனக்குத் தெரிந்துவிடும். பழைய ரவிக்கையைக் கொண்டுவந்து, "அக்கா, இதக் கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்பார்கள். "ஒரு தையலா, ரெண்டு தையலாடி?" என்று நான் கேட்பேன். கேட்டுவிட்டு நானே முதலில் சிரிப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் ரவிக்கையை நானே பிரிக்க வேண்டி வந்தபோது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன்.

பிள்ளை பெறுவதில் என்ன வெட்கம் என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். மகளுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்த பிறகு தாய் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அதுவும் புருஷன் மலையில் இருக்கிறவளுக்கு. "பொங்கலுக்கு எறங்குனாருல்ல, மேல குளிரு சாஸ்தி" என்று என் காதுபடவே பேசினார்கள். சிரிப்போடு போனால் பரவாயில்லை. பெண் எடுக்க வருகிறவர்களும் யோசிப்பார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குத்தான் வர வேண்டும். தாயே கைப்பிள்ளையோடு கிடந்தால் வருகிறவளை யார் பார்ப்பது? இது நியாயமான கேள்வி.

பப்பாளி தின்றேன், எள்ளை இடித்துத் தின்றேன். யார் யாரோ சொன்னதையெல்லாம் குடித்தேன். பிள்ளை கலையவில்லை.

மகளுக்கு நான் சொல்லவில்லை. கொல்லையில் நான் வாந்தி எடுப்பதைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள். தண்ணீர்ச் செம்பை நீட்டிவிட்டு, "ஒனக்கு வெக்கமா இல்லையாத்தா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. கொக்கி வைப்பது, காஜா எடுப்பது எல்லாம் அவள் வேலை. முடித்து மிஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நானும் அவள் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொள்வேன். எனக்கு எவ்வளவு வெட்கம் இருந்தது என்று அவளுக்கு எந்த வார்த்தையில் சொல்ல?

மாசம் ஏற ஏற நான் மிஷினே கதி என்று ஆனேன். அதன் பலகை என் வயிற்றை மறைத்தது. மடியில் எந்நேரமும் ஒரு துணிக்குவியல் கிடக்கும். அளவெடுக்க எழுந்திருக்க வேண்டும் என்பதால், "அளவு ரவிக்கையக் குடுத்துட்டுப் போங்க, போதும்" என்று சொல்லிவிடுவேன். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், பாதிப் பேர் தெரியாத மாதிரி இருந்தார்கள்.

ஆவணியில் என் நாத்தனார் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரருக்கு அக்காள் அவள். மதினி என்று கூப்பிடுவேன். மாப்பிள்ளைக்கு ராசிங்காபுரம். சொந்தக் கிணறும் தோட்டமும் உள்ள வீடு. பையன் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் எடை பார்க்கிறான். எங்கள் நிலைமைக்கு இதைவிட நல்ல இடம் கனவில்கூட வராது. என் மகள் அவனைக் கோயில் தேர்முட்டிப் பக்கம் பார்த்திருக்கிறாள் போல. பெயர் அடிபட்டதுமே அவள் காதெல்லாம் சிவந்துபோயிற்று. நான் மிஷினில் இருந்தபடியே கவனித்தேன்.

"அவுக வெள்ளிக்கிழம வர்றாக" என்றாள் நாத்தனார். "நீ மிஷின விட்டு எந்திரிக்காத. அவசரச் சோலின்னு நான் சொல்லிக்கிறேன்."

"வேற ஒரு நாள் வரச் சொல்லலாமே மதினி."

"இன்னும் ரெண்டு எடத்துல பொண்ணு பாக்குறாக. தள்ளிப் போட்டா கைய விட்டுப் போயிரும். பூ வச்சு உறுதி பண்ணிட்டம்னா பெறகு தெரிஞ்சா தெரியட்டும். குடுத்த வாக்க மாத்தக்கூடிய ஆளுக இல்ல."

நான் பின்னறையில் படுத்துக்கொள்கிறேன், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்றேன். நல்ல காரியம் பேச வருகிறபோது பெண்ணின் தாய் படுக்கையில் கிடப்பதா என்று அவள் ஒரே பேச்சில் தள்ளிவிட்டாள். வீட்டுக்காரர் மலையிலிருந்து வந்திருந்தார். அந்த மாதங்களில் அவர் என்னைவிட அதிகமாகத் தலை குனிந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் தகப்பன், ஓர் அத்தை. வீடே எழுந்து "வாங்க, வாங்க" என்றது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் கூப்பினேன். மடியில் ஒரு பட்டுத்துணி தரை வரை தொங்கியது. "நாளைக்கு முகூர்த்தம், கல்யாணப்பொண்ணு ரவிக்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று நாத்தனார் எனக்காகச் சிரித்தாள்.

"பாக்கட்டும், பாக்கட்டும். சோலின்னா சோலிதான்" என்றாள் மாப்பிள்ளையின் தாய். நல்ல வாட்டசாட்டமான பெண்பிள்ளை. குரலும் அப்படி.

நான் மிதித்தேன். ஊசியில் நூல் கோர்க்கவே மறந்திருந்தேன். வெறும் ஊசி பட்டில் ஓட்டை போட்டுக்கொண்டே போயிற்று. பிள்ளை உள்ளிருந்து பலகையில் முட்டியது. என் மகள் காப்பித் தட்டோடு வந்தாள். நமஸ்காரம் பண்ணினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவள் குரலைக் கோர்வையாகக் கேட்டு எனக்கே எத்தனையோ மாதமாகியிருந்தது. மாப்பிள்ளையின் தாய் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஊசிக்குத்துத் தழும்பைத் தடவி, "நல்லாப் பாடுபடுற கை" என்றாள். எனக்கு உயிர் வந்தது. முடிந்துவிட்டது, நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படும்போதுதான் வினை வந்தது. வீட்டுக்கு வந்த சுமங்கலியைக் குங்குமம் கொடுக்காமல் அனுப்ப முடியாது. இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்கள் யோசனையில் அது எப்படியோ விட்டுப்போயிற்று. நாத்தனார் சமாளித்துக்கொண்டு குங்குமச் சிமிழை எடுத்து நீட்டினாள்.

மாப்பிள்ளையின் தாய் கையை நீட்டவில்லை. "பொண்ணப் பெத்தவ கையால வாங்கிக்கிறேன்" என்று என் பக்கம் திரும்பினாள்.

நான் சிரித்தேன். அப்படி ஓர் அசட்டுச் சிரிப்பை அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை. எழுந்திருக்கவில்லை.

அந்த அம்மாளின் முகம் மாறியது. "சம்பாரிக்கிற பொம்பள எந்திரிக்க மாட்டாக போல. எங்க வீட்ல நாங்க காடுகரைல வேல பாக்குறவுக. எங்களுக்கெல்லாம் எதுக்கு எந்திரிக்கணும்?" என்றவள், "வாங்க போவோம்" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

அப்போதுதான் என் மகள் பேசினாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் வாய் திறப்பதில்லை. அவள் திறந்தாள்.

"எங்க ஆத்தா மாசமா இருக்கு. அதான் எந்திரிக்கல. திமிரில்ல."

நான் எழுந்தேன். வேறு என்ன செய்ய? மடித்துணி சரிந்து விழுந்தது. ஆவணி மாதத்து வெளிச்சம் ஜன்னல் வழியாக முழுசாக என் மேல் விழுந்தது. நாத்தனார் கையிலிருந்து சிமிழை வாங்கிக்கொண்டு, அத்தனை பேர் கண்ணும் என் வயிற்றில் இருக்க, கூடத்தைக் கடந்து நடந்தேன். நாலு எட்டுதான் இருக்கும். அந்த அம்மாள் குனிந்து நெற்றியைக் காட்டினாள். வைத்தேன். குங்குமம் அவள் மூக்கில் உதிர்ந்தது. துடைத்துக்கொண்டாள். கோபம் போயிருந்தது. அந்தக் கோபமே தேவலை. அவள் என்னைப் பார்த்தது, பாவம் என்று பார்ப்பது போலவும் இருந்தது, சீ என்பது போலவும் இருந்தது.

"வர்றோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று முழுக்க எனக்கு ஒரு பக்கம் செத்துவிடலாம் என்றிருந்தது. இன்னொரு பக்கம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. ஆத்தாளுக்குத் திமிரில்லை என்று என் பிள்ளை ஊரார் முன்னால் சொல்லிவிட்டாளே. என்னோடு பேசாவிட்டால் என்ன, எனக்காகப் பேசினாளே.

பத்துப் பதினைந்து நாள் கழித்து நாத்தனார் பதிலோடு வந்தாள். வீட்டுக்காரரும் இருந்தார். மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு ரொம்பப் பிடிச்சிருக்காம். தையில முடிச்சிரலாங்கிறாக. ஆனா..." என்று இழுத்தவள், தன் தம்பியைப் பார்த்துப் பேசினாள். "தார வார்த்துக் குடுக்கிறப்ப நீயும் இவளும் மணவறைல நிக்கக் கூடாதாம்ப்பா. கைப்பிள்ளக்காரி சம்மந்தியா நின்னா ஊரு சிரிக்கும், சொந்தத்துல தல காட்ட முடியாதுங்கிறாக. நானும் எங்க வீட்டுக்காரரும் நின்னு குடுக்கணுமாம். தலப்பிரசவமும் எங்க வீட்லதானாம்."

"எம் பிள்ளய நான் குடுக்கக் கூடாதாக்கா?" என்றார் இவர். அவருக்குக் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மூன்று பேரும் மகளைப் பார்த்தோம். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது எனக்கு. சொன்னால் அவள் வாழ்க்கை போய்விடும் என்றும் தெரிந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"சரின்னு சொல்லிருங்க அத்தை."

அன்று கூடத்தில் அவள் எனக்காகத்தான் பேசினாளா, போகிற சம்பந்தத்தைப் பிடித்து நிறுத்தப் பேசினாளா என்ற நினைப்பு அப்போதுதான் எனக்கு வந்தது. கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? அவளுக்கும் அந்த இரண்டும் தனித்தனியாகத் தெரிந்திருக்குமோ என்னவோ.

புரட்டாசிக் கடைசியில் பிள்ளை பிறந்தது. ஆண். தையில் எங்கள் வாசலில்தான் பந்தல் போட்டோம். முகூர்த்த ரவிக்கை நான் தைத்ததுதான். பச்சை உடம்பு கேட்கவில்லை என்றாலும் அதை மட்டும் வேறு கைக்கு விடவில்லை. கல்யாணத்தன்று இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தெரியாதவர்கள் சமையல் ஆள் என்று நினைத்து அவரை அதட்டினார்கள். நான் பிள்ளையோடு பின்னறையில் இருந்தேன்.

மணவறைக்குப் போகும் முன் மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆசீர்வாதம் வாங்க வந்தாள் என்று நினைத்து அவசரமாக எழுந்து பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். மாலையும் கழுத்துமாக நின்றவள் முதலில் தம்பியைத்தான் பார்த்தாள்.

"பால் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்த்தா."

"அழுகாமப் பாத்துக்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வெளியே கூப்பிட்டார்கள், வெரசாப் போய்விட்டாள்.

ஐயர் நாத்தனார் பெயரையும் அவள் புருஷன் பெயரையும் சொல்லி மந்திரம் சொல்வது சுவர் வழியாகக் கேட்டது. தாரை வார்த்தாயிற்று. கெட்டிமேளம் என்று யாரோ கத்தினார்கள். மேளச் சத்தத்துக்குப் பயந்து அழுதுவிடுவானோ என்று பிள்ளையின் வாய் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். அவன் அழவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பது என் கையில் தெரிந்தது. மேளம் ஓயும் வரை நான் கையை எடுக்கவில்லை.